ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வாருங்கள். தலையைக் குனிந்து இந்தத் தகரக் கூரையின் கீழே நுழையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும் பஞ்சுத் தூசு மூக்கில் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் ஆண்டுக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடல்கடந்த சோலோமா நகரத்து நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தத் தையல் ஆலையில், ஏழாவது வரிசையின் தலைமாட்டில், ஓர் ஆணியில் தொங்குகிறதே சிவப்பு டோக்கன், அதைப் பாருங்கள். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தகடு. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. வரிசைக்கு ஒன்றுதான். அது கழுத்தில் தொங்கினால்தான் அந்த வரிசையில் ஒரு பெண் கழிப்பறைக் கதவைத் தாண்ட முடியும். மூச்சுக்கு அடுத்தபடியாக உடம்பு கேட்கும் உரிமையை ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறார்கள். இதற்குச் சாட்சி வேண்டும் என்றுதான் உங்களை அழைத்தேன்.

"போகக் கூடாது என்று யார் சொன்னது?" என்று ஆலை கேட்கும். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு வரிசைக்கு ஒரே டார்கெட். முதல் மிஷினில் தோள் சேரும். அடுத்ததில் கழுத்துப் பட்டி ஏறும். அதற்கடுத்ததில் கை பொருந்தும். கடைசியில் மடித்த பனியன் பெட்டிக்குள் விழும். நடுவில் ஒருத்தி எழுந்தால் அவள் மிஷின் முன்னால் துணிக்கட்டு குவியும். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் வெறுங்கையோடு உட்காருவார்கள். மாலையில் வரிசை மொத்தத்துக்கும் ஊக்கத்தொகை இல்லை. காவலாளி வைத்தால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒவ்வொருத்தியின் முதுகுக்கும் பின்னால் இருப்பவளின் கண்ணையே காவல் வைத்துவிட்டால் செலவே இல்லை. எத்தனை மலிவான சிறை!

இந்தச் சிறையில் கை பொருத்துகிறவள் நோல்வியா. நாற்பதைத் தாண்டியவள், கணவன் பிழைப்புத் தேடி வடக்கே எல்லை கடந்து போனவன், கடிதம் வருவதும் நின்று போயிற்று, யெஸ்லி என்று ஒரே மகள், பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவள். நோல்வியாவின் இரத்த அழுத்தம் தெரியவந்தது தற்செயலாகத்தான். தலைவலி என்று சுகாதார நிலையத்துக்குப் போனாள், டாக்டர் மிரெயா கையில் பட்டையைச் சுற்றினார், காற்றை இறக்கினார், மறுபடியும் சுற்றினார். அன்றைக்கே மாத்திரை கொடுத்தார். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று இரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும். மற்றது உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியே தள்ளும். தினமும் காலையில் ஒன்று, வாழ்நாள் முழுக்க, என்று டாக்டர் சொன்னார். வாழ்நாள் என்ற சொல்லில் திங்கட்கிழமையும் அடங்கும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மாத்திரை தன் வேலையைச் செய்தது. அடிவயிறு கனத்தது, நோல்வியா எழுந்து டோக்கனை மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு கட்டுத் துணி தைப்பதற்குள் மறுபடியும் கனத்தது. மறுபடியும் எழுந்தாள். மூன்றாவது முறை எழுந்தபோது, அவளுக்கு அடுத்த மிஷினில் ஓரம் தைக்கும் டிக்னா, கை வேலையை நிறுத்தாமலே வாயைத் திறந்தாள்.

"அந்த டோக்கனுக்கு ஞானஸ்நானம் குடுத்து ஒரு பேரும் வெச்சிடுடி. சொந்தப் புள்ளை மாதிரி தூக்கிக்கிட்டே திரியற."

வரிசை சிரித்தது. நோல்வியாவும் சிரித்தாள். நான்காவது முறை யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை மேற்பார்வையாளன் எல்மர் கரும்பலகையில் ஏழாவது வரிசைக்கு எதிரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். அந்தக் கோட்டை அத்தனை பெண்களும் பார்த்தார்கள். பிறகு நோல்வியாவைப் பார்த்தார்கள். எல்மர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய வேலையை அவன் எப்போதோ அவர்களிடம் ஒப்படைத்துவிட்டான்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது டிக்னா அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். டிக்னா வாய் நீளமானவளே தவிரக் கெட்டவள் இல்லை.

"பிரஷர் மாத்திரையா?"

"ஆமா."

"அப்பவே நெனச்சேன். இங்க பாரு, இந்த ஆலையில உனக்கு மட்டும்தான் பிரஷருன்னு நெனச்சியா? நாங்க யாரும் வேலை நாள்ல போடறதில்ல. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனதும் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு. அவ்வளவுதான். எங்க பாஷையில அதுக்குப் பேரே ஞாயித்துக்கிழமை மாத்திரை."

"டாக்டரம்மா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"அவங்களைப் பாக்கப் போற அன்னிக்குக் காலையில ரெண்டாப் போட்டுக்கோ. பட்டையைச் சுத்துவாங்க, நம்பர் அழகா வரும். அவங்களுக்கும் சந்தோஷம், எல்மருக்கும் சந்தோஷம்."

"அப்ப நெஞ்சு?"

"நெஞ்சு என்னடி வாயைத் தொறந்து பேசவா போவுது?"

இப்படித்தான் அந்த வழக்கம் கைமாறியது. பிறரை ஏமாற்றப் பிறந்த வழக்கம் என்று அதை எண்ணிவிடாதீர்கள். கழிப்பறைக் கதவுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில் நசுங்கிய பெண்கள், தாம் பிழைப்பதற்குத் தாமே கண்டுபிடித்த உபாயம் அது. வேலை நாளில் அவர்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் பீன்ஸ் மடித்த பலேயாதா ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தால், உணவு இடைவேளையில் உதட்டை நனைப்பதோடு சரி. கூரைத் தகரம் கொதிக்க, வாய் உலர, அழுத்தம் ஏற ஏறத் தைத்தார்கள். பனியன் உலகமெங்கும் போயிற்று.

சுகாதார நிலையத்தில் நோல்வியா நல்ல நோயாளி ஆனாள். குறித்த நாளில் தவறாமல் வருவாள். எண் அழகாக இருக்கும். டாக்டர் மிரெயா அவள் தோளில் தட்டிக்கொடுப்பார். அப்படி இரண்டு ஆண்டுகள்.

முதலில் பேசியது நெடுஞ்சாலையின் நடைபாலம். ஆலையிலிருந்து வெளியே வந்து அதன் படிகளை ஏறித்தான் பேருந்து நிற்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஏறுவாள். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டு ஏறினாள். பிறகு பாதிப் படியில் நின்று, கைப்பை வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டி, மூச்சைப் பிடித்தாள். நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பது போலிருக்கும். படுக்கையில் மல்லாந்தால் மூச்சு முட்டியது. இரண்டாவது தலையணையை எடுத்துக்கொண்டாள். இடப்பக்கம் ஒருக்களித்தால் காதுக்குள் தன் இதயமே தடதடத்தது. வலப்பக்கம் திரும்பினாலும் அது விடவில்லை. அவளுக்கு ரெய்னால்டாவின் நினைவு வந்தது. இஸ்திரிப் பிரிவில் இருந்தவள் ரெய்னால்டா. கணுக்கால் வீங்கி, அதே பாலத்தின் படியில் உட்கார்ந்தவள், பிறகு எழவில்லை. ஆலை ஒரு மலர் வளையம் அனுப்பியது. அடுத்த நாளே அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். அந்த நினைவு வரும்போதெல்லாம் நோல்வியா எழுந்துபோய் முகம் கழுவுவாள். பயத்தைக் கழுவிவிட முடியும் என்று நம்பியிருந்தாள்.

யெஸ்லியின் கண்ணை ஏமாற்ற முடியவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் மருத்துவக் குழு ஒன்று வந்தது. நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்கோ கருவியையும் கொண்டு வந்திருந்தது. தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் மகள். "டாக்டரம்மாவும் அங்கதான் இருப்பாங்க" என்று அவள் சொன்னதுமே, நோல்வியா அடுக்களைக்குள் போய் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள். கை அவ்வளவு பழகியிருந்தது.

வகுப்பறைப் பெஞ்சில் உட்காரவைத்து டாக்டர் மிரெயா பட்டையைச் சுற்றினார். "பாத்தீங்களா, இன்னிக்கும் அழகா இருக்கு. உங்களை மாதிரி மாத்திரை போடறவங்க கிடைச்சா எனக்கு வேலையே இல்லை" என்றார்.

"டாக்டர், அம்மாவுக்குப் பாலம் ஏறினா மூச்சு வாங்குது. சொல்ல மாட்டாங்க. படியில நின்னுகிட்டு பையைச் சரிபண்ற மாதிரி நடிப்பாங்க" என்றாள் யெஸ்லி.

"சும்மா இருடி."

"நீ சும்மா இரு. படுக்கச் சொல்லுங்க டாக்டர்."

திரைச்சீலை கட்டிய மூலையில் நோல்வியா படுத்தாள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, டாக்டர் கருவியின் முனையை விலா இடுக்கில் அழுத்தினார். கரிய திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடியது. அது தன்னுடையது என்று அறிந்தபோது, தன் வீட்டுக்குள் தனக்குத் தெரியாமல் யாரோ குடியிருப்பதைப் பார்த்தவள்போல் நோல்வியா திகைத்தாள். அதுவரை பேசிக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்தினார். முனையைச் சற்றுத் திருப்பினார். ஓரிடத்தில் படத்தை நிறுத்தி அளந்தார். மறுபடியும் அளந்தார். மருத்துவர் ஒருவர் மௌனமாகும் நேரத்தைப் போலக் கொடியது வேறில்லை. அந்த மௌனத்துக்குள் நோயாளி தன் சாவையே ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடுகிறாள்.

"இதயத்தோட இடப்பக்கச் சுவர் தடிச்சிருக்கு" என்றார் டாக்டர். "ரத்தத்தைத் தள்ற பலம் இன்னும் இருக்கு. ஆனா சுவர் விறைச்சுப்போய், விரிஞ்சு குடுக்க மாட்டேங்குது. விரிஞ்சாத்தானே ரத்தம் நிறையும்? நிறையாத ரத்தம் பின்னால நுரையீரல்ல தேங்குது. அதான் படி ஏறினா மூச்சு முட்டுது."

"பிரஷராலயா?" என்று கேட்டாள் யெஸ்லி.

டாக்டர் தலையை அசைத்தார். "அதான் புரியல. பிரஷர் ஏறிக் கிடந்தா, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி சுவர் தடிக்கும், பாரம் தூக்கறவன் புஜம் மாதிரி. ஆனா உங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷமா பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு. ஒழுங்கா மாத்திரை போட்டா தடிச்ச சுவரே மெல்ல மெல்ல இளைக்கும். இங்க நேர்மாறா இருக்கு." அவர் நோல்வியாவின் பக்கம் திரும்பினார். "உங்க அம்மா எதனால போனாங்க?"

"சந்தையில... நின்னுகிட்டு இருந்தவங்க திடீர்னு விழுந்துட்டாங்க."

டாக்டரின் முகம் இறுகியது. "இது பரம்பரையா வர்ற இதயத் தடிப்பா இருக்கலாம். இருக்கும்னு சொல்லல, இருக்கலாம். பொண்ணையும் பாக்கணும். இன்னிக்கு நேரமாச்சு, கருவியைக் கட்டி எடுத்துட்டுப் போகப்போறாங்க. அடுத்த சனிக்கிழமை நம்ம சுகாதார நிலையத்துக்கு வரும். அதுவரைக்கும் இவ ஓடக் கூடாது, வெயில்ல முரசைச் சுமக்கக் கூடாது. அந்த வியாதி இருக்கற சின்னப் பசங்க ஆடும்போதே விழுந்துடறது உண்டு."

யெஸ்லி சிரிக்கப் பார்த்தாள். "செப்டம்பர் பதினஞ்சு சுதந்திர தின அணிவகுப்புக்கு நான்தான் முன்னால போறேன் டாக்டர்."

"அப்புறம் பாக்கலாம்."

அந்தக் கணத்தில் நோல்வியா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவளைப் பழிப்பதற்கு முன், அவளுடைய நாக்கின் மேல் எத்தனை பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். தோளில் தட்டிக்கொடுத்த டாக்டரின் கை அதன் மேல் இருந்தது. தன் இரகசியத்தை நம்பிக் கொடுத்த டிக்னா இருந்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் நோயாளிகளின் பெயரை மட்டும் மறந்துபோகும் ஆலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, டாக்டர் சொன்னதே உண்மையாக இருந்துவிட்டால் என்ற பேரச்சம் இருந்தது. அம்மா சந்தையில் விழுந்தாள் என்பது பொய்யில்லையே!

அந்த வாரம் அவர்கள் வீட்டில் பயம் மகளின் மேலும் இறங்கியது. யெஸ்லி ஒத்திகைக்குப் போகவில்லை. ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்கிறவள், அடுத்ததற்கு நின்றாள். ஒரு மாலை நோல்வியா வேலையிலிருந்து வந்தபோது, மகள் கட்டிலில் மல்லாந்து, கண்ணைக் கூரைக்குக் கொடுத்து, வலக்கையை இடப்பக்க மார்பில் அழுத்தி வைத்திருந்தாள். மூச்சுவிடக் கூட அஞ்சுகிறவளைப் போல அசைவற்றுக் கிடந்தாள்.

"என்னடி பண்ற?"

"நடுவுல விட்டு விட்டு அடிக்குதான்னு பாக்கறேன்." பிறகு, தாயின் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, பாட்டி விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? வலிக்குதுன்னு? இல்ல, ஒண்ணுமே தெரியாதா?"

 நோல்வியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் இதயத்தின் சுவர் தடித்ததை அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். சாவை எண்ணி நடுங்கியபடியே நாளைக்கும் வேலைக்குப் போகலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு குறையும் இல்லாத ஓர் இளம் நெஞ்சின் மேல், தான் சொன்ன பொய் இப்படிப் பாறையாக ஏறி உட்காரும் என்று அவள் எண்ணியதில்லை. எல்மர் பலகையில் இழுத்த கோடு எத்தனை தூரம் நீண்டிருக்கிறது! ஆலையில் தொடங்கி, தாயின் நெஞ்சைக் கிழித்து, மகளின் கட்டில்வரை வந்துவிட்டது.

சனிக்கிழமை சுகாதார நிலையத்தில், நோயாளிக்கான உடுப்பை மாட்டிக்கொண்டு யெஸ்லி மேசையில் ஏறிப் படுத்தாள். உதடு வெளுத்திருந்தது. டாக்டர் பசைக் குழாயைக் கையில் எடுத்தார்.

"டாக்டர், நான் மாத்திரை போடறதில்ல" என்றாள் நோல்வியா.

"இன்னிக்கா?"

"என்னிக்கும். சனி, ஞாயிறு மட்டும்தான். உங்களைப் பாக்க வர்ற அன்னிக்கு ரெண்டு. அதனாலதான் நம்பர் அழகா இருந்துச்சு. வேலைக்குப் போற நாள்ல போட முடியாது டாக்டர். அடிக்கடி போகணும், அங்க போக விட மாட்டாங்க. விட மாட்டாங்கன்னு இல்ல... போனா, மத்தவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும். எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. இது ரத்தத்துல வந்தது இல்ல. எங்க லைன்ல வந்தது."

மேசையில் யெஸ்லி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா! ஒரு வாரம்... நான் ஒரு வாரமா செத்துக்கிட்டு இருந்தேன்!"

"தெரியும்டி. தெரியும்."

டாக்டர் பசைக் குழாயை மேசையில் ஓசையெழ வைத்தார். "ரெண்டு வருஷம் என்னை வெச்சு விளையாடியிருக்கீங்க. நான் எங்க போய் எதைத் தேடியிருப்பேன் தெரியுமா? இந்தப் பொண்ணுக்கு என்னென்ன பரிசோதனை எழுதியிருப்பேன்?" குரல் உயர்ந்துகொண்டே போய், சட்டென்று தாழ்ந்தது. "எத்தனை பேர் இப்படி?"

நோல்வியா தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே விடை கிடைத்துவிட, டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுக்குள் இருப்பதாகத் தாம் எழுதி அனுப்பிய அத்தனை பெண்களின் முகங்களும் அவர் முன் வந்து நின்றிருக்க வேண்டும். பிறகு எழுந்து, சொல்லுக்கும் கருவிக்கும் நடுவில் ஐயம் வேண்டாம் என்று யெஸ்லியின் நெஞ்சையும் பார்த்தார். சுவர் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில், "முரசு தூக்கலாமா?" என்று கேட்டாள். "தாராளமா" என்றார் டாக்டர்.

"இப்ப நீங்க கேளுங்க நோல்வியா. உங்க சுவர் இன்னும் இளைக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா வாரத்துல ரெண்டு நாள் இறக்கி அஞ்சு நாள் ஏத்தினா இளைக்காது. இதயத்துக்கு லீவு நாள் கிடையாது. இப்படியே விட்டா விறைச்ச சுவர் ஒரு நாள் தளர்ந்துபோகும். அப்ப தள்ற பலமும் போயிடும். அதுக்கப்புறம் நான் மாத்திரையை மாத்திக்கிட்டே இருக்கலாம், பெருசா ஒண்ணும் ஆகாது."

"தண்ணி போகாத மாத்திரை வேற இல்லையா டாக்டர்?"

"இருக்கு. ஆனா உங்க பிரஷருக்கு அது தனியாப் பத்தாது, ரெண்டும் வேணும். ஒரு விஷயம் சொல்றேன். தினமும் போட்டா சில வாரத்துல இந்த ஓட்டம் நல்லாக் குறைஞ்சிடும். நீங்க விட்டு விட்டுப் போடறதால ஒவ்வொரு சனிக்கிழமையும் உடம்புக்கு முதல் நாள் மாதிரி இருக்கு. அந்தச் சில வாரத்தைத் தாண்டிடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! கேட்டீர்களா? ஓர் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது சில வாரங்கள், அந்தச் சில வாரங்களில் அடிக்கடி திறக்க வேண்டிய ஒரு கதவு. மருத்துவம் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. நோயை வெல்லும் மருந்து அவள் கையில் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது. அதை விழுங்கிய பிறகு ஒரு மனுஷியாக எழுந்து நடக்கும் உரிமைதான் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் யெஸ்லி ஒரு குவளை நிறையத் தண்ணீரை நீட்டினாள். மாத்திரையும் தண்ணீரும் உள்ளே போயின. ஆலை வாசலில் டிக்னாவிடம் நோல்வியா எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? இந்த வாரம் போன வாரத்து டார்கெட்டும் சேர்ந்து கிடக்கு."

"என் நெஞ்சுச் சுவர் தடிச்சிருக்கு டிக்னா. உனக்கும் பாலம் ஏறினா மூச்சு வாங்குது. நான் பாத்திருக்கேன். போய் எக்கோ பாரு."

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம்." டிக்னாவின் குரல் முதல் தடவையாக ஒடுங்கியது. "தெரியாம இருக்கறவரைக்கும்தான் தூக்கம் வருது. என்னை இதுல இழுக்காத, சொல்லிட்டேன்."

மிஷின்கள் ஓடத் தொடங்கின. நோல்வியா முதல் முறை எழுந்தாள், சென்று திரும்பினாள். இரண்டாம் முறை எழுந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி பல்லிடுக்கில் ஏதோ திட்டினாள். திரும்பி வந்தபோது அவள் மிஷின் முன்னால் துணி மலையாகக் கிடந்தது. அவள் கை பறந்தது. இதயம் விலாவை இடித்தது. இன்னும் எத்தனை முறை, எத்தனை நாள் என்று கணக்கிட்டபோது வியர்வை முதுகில் வழிந்தது. மூன்றாம் முறை அவள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. யாரும் வெளியே போகவில்லை. எல்மர் நடைவழியில் நின்றிருந்தான். டோக்கனின் கயிறு அவன் கால்சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"என்ன நோல்வியா, உள்ள ஏதாவது புதையல் தோண்டறீங்களா? மத்தியானம்வரை உக்காந்து தைங்க. லைன் நிக்குது பாருங்க."

நோல்வியா எழுந்தாள்.

"உக்காருங்க."

"எனக்குப் பிரஷர்" என்றாள் அவள். மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்தத்தான் வேண்டியிருந்தது. அப்படிக் கத்தியதில் அடுத்த வரிசைக்கும் கேட்டது. "மாத்திரை போட்டிருக்கேன். தினமும் போடப்போறேன். நான் போகணும்."

அந்தச் சொற்களை இந்தக் கூரையின் கீழே இதற்குமுன் யாரும் உரக்கச் சொன்னதில்லை.  ஒப்பந்தம் போகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த நொடியிலேயே நெஞ்சு நின்றுவிடுமோ என்றும் அஞ்சினாள். அடிவயிறு கல்லாகக் கனத்தது. இன்னும் சற்று நின்றால் எல்லோர் முன்னிலையிலும் மானம் போய்விடும். ஆனாலும் உட்காரவில்லை.

எல்மர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏழாவது வரிசையின் தலைகள் குனிந்தே இருந்தன. ஊசிகள் ஏறி இறங்கின. ஒரே ஒரு மிஷினின் ஓசை மட்டும் குறைந்தது: டிக்னாவின் ஊசி ஓரத் தையலின் நடுவில், துணிக்குள் இறங்கியபடியே நின்றுவிட்டது. அவளுடைய வலக்கால் மிதியை விட்டு ஒரு விரற்கடை மேலே எழுந்து, காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது. தரையிலும் ஊன்றவில்லை, மிதியிலும் இறங்கவில்லை.

பார்த்தீர்கள் அல்லவா? உங்களை இங்கே அழைத்தது வேடிக்கை பார்ப்பதற்கு அன்று. அந்தக் கால் எந்தப் பக்கம் இறங்கும் என்று கைகட்டிக் காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அந்தச் சுவர் தடிக்கிறது. உங்கள் ஊரிலும் ஆலை இருக்கிறது, கடை இருக்கிறது, பண்டகசாலை இருக்கிறது. அங்கேயும் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். போங்கள். அந்தக் கதவை யார் பூட்டினார்கள் என்று கேளுங்கள். திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள். எழுந்திருங்கள்!